சீட்டுக்கு அடியில் ஏழு முடிச்சு

விடிந்ததிலிருந்து முத்திருளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரைக் கழுவினான். துடைத்தான். தள்ளி நின்று பார்த்துவிட்டு, கழுவிய காரையே மறுபடியும் கழுவினான். திருப்பரங்குன்றம் ரயில்வே கேட்டுப் பக்கம் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடையை எட்டு மணிக்கெல்லாம் திறந்துவிடுகிறவன். அன்றைக்கு மணி ஒன்பதரை ஆகியும் கடைச் சாவி இடுப்பிலேயே கிடந்தது.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி அது. கார் என்றால் ஊரில் டாக்டர்களும் மில்காரர்களும் வைத்திருந்த பெரிய கார் இல்லை. ரெண்டே கதவு. பின்னால் டிக்கிக்குப் பதிலாகக் கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்குகிற மூடி. உடம்பு முழுக்க ஃபைபர். தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம்தான் வரும். கனம் கிடையாது, அதனால் மிதித்தால் சீறிக்கொண்டு போகும். ரத்தச் சிவப்பு. சிமெண்டுக் கடைக்காரனுக்கு இப்படி ஒரு கார் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் முத்திருளன் ஒரே பதிலைத்தான் சொன்னான். தம்பி கேட்டான், வாங்கினேன்.

அந்தத் தம்பி காளை, ஆடி மாதத்திலிருந்து மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். தோப்பூர் தாண்டி ஒரு புளியமரத்தில் காரைக் கொண்டுபோய் விட்டான். தொடை எலும்பு ரெண்டாகப் போனது. மூன்று மாதம் காலில் பாரம் கட்டிப் படுத்திருந்தவனை நாளைக்கு, வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சேதியும் வந்தது. திங்கட்கிழமை சோறு கொண்டுபோன செல்லக்கிளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் முத்திருளனின் மனைவி.

“ஒங்க தம்பி என்ன சொல்றான் தெரியுமா? அவன் வர்ற வரைக்கும் வண்டியில ஒருத்தனும் கை வைக்கக் கூடாதாம். சாவிய எவன்கிட்டயும் குடுத்துறக் கூடாதாம். இன்னும் ஊனி நிக்கத் தெம்பில்ல, அதுக்குள்ள வண்டி கேக்குது தொரைக்கு. வெள்ளிக்கிழம அவன் வரும்போது அந்தச் சனியன் இந்த வீட்டுல நிக்கக் கூடாது. யார்ட்ட குடுப்பீங்களோ, எங்க தள்ளுவீங்களோ, எனக்குத் தெரியாது.”

அவள் சொல்லித்தான் முத்திருளனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவன் அவன். கார் ஷெட்டில் நின்றால் காளை ஓட்டுவான். நொண்டிக்கொண்டாவது போய் ஏறுவான். அடுத்த தடவை தொடையோடு போகாது.

அதனால்தான் அவள் சொல்வதற்கு முன்பே, போன மாதமே, காரை விற்கிற மாதிரி ஆக்கினான். மதுரைப் பட்டறைகளில் விட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று லாரியில் ஏற்றித் தெற்கே எங்கோ ஒரு பட்டறையில் விட்டு எடுத்தான். ஃபைபரில் ஒரு சௌகரியம் உண்டு. நெளியாது, நொறுங்கும், நொறுங்கியதை ஒட்டித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் செய்தவனுக்கே அடையாளம் தெரியாது. அடியில் கிடக்கிற இரும்புச் சட்டம்தான் அப்படி மசியவில்லை. இடது முன்பக்கம் வளைந்து வெடித்திருந்ததைப் பற்றவைத்துக் கொடுத்த ஆள், “விக்கிறதுக்குத் தாங்கும்ணே, ஓட்டுறதுக்கு நான் பொறுப்பில்ல” என்று சொல்லிச் சிரித்தான். முத்திருளனும் கூடவே சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசந்தது.

பற்றவைத்த இடம் தெரியாமல் அடி முழுக்கத் தார் பூசியாயிற்று. ஒரு பக்கமாகத் தேய்ந்த முன் டயர்கள் ரெண்டையும் மாற்றியாயிற்று. சீட்டுக்குப் புது உறை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த சாமி படங்களைக்கூடச் சுரண்டி எடுத்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. அன்று விடிகாலையில் பிளேடை எடுத்துக்கொண்டு, ஓட்டுகிறவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். கயிறு விரலில் தட்டியது.

கறுப்பு நூலும் சிவப்பு நூலும் முறுக்கி, ஏழு முடிச்சுப் போட்ட கயிறு. காளை நினைவு திரும்பாமல் கிடந்த மூன்றாம் நாள், செல்லக்கிளி தன் பிறந்த வீட்டுச் சாமியான ஒத்தப்புளி முனியாண்டியிடம் போய் விழுந்து வாங்கி வந்தது. ரத்தம் பார்த்த வண்டிக்குக் கட்டுகிற கயிறு அது. வண்டியில் கட்டினாலும் வண்டிக்காகக் கட்டுவதில்லை, ரத்தம் சிந்தினவனின் உயிருக்காகக் கட்டுவது. அவன் பிழைத்தெழுந்து தன் காலால் கோயிலுக்கு நடந்து வந்த பிறகுதான் பூசாரி அவிழ்ப்பார். அதுவரைக்கும் எவனும் தொடக் கூடாது.

பிளேடு நூலில் பட்டதும் கையை நிறுத்தினான். காளை இன்னும் நடக்கவில்லையே. முத்திருளன் ஒன்றும் பெரிய பக்திமான் கிடையாது; கடையில் ஊதுபத்தி கொளுத்துவதோடு சரி. ஆனால் அந்த ஏழு முடிச்சையும் அறுத்தால் ஆஸ்பத்திரியில் என்ன ஆகுமோ என்று ஒரு பயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாங்க வருகிறவன் என்ஜினைப் பார்ப்பான், டயரைப் பார்ப்பான். சீட்டுக்கு அடியில் எவன் வந்து தலையை விடப் போகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பத்து மணிக்குக் காரை வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஆள் பிடித்துக் கொடுத்த தரகர், திருமங்கலம் பக்கத்துப் பையன் என்றுதான் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பையன் கருத்தக்கண்ணன். கூடவே அவன் அக்கா பாண்டியம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும், பருத்தி எடை போட்டு வாங்குகிற வியாபாரம். வாசலிலேயே அவள், “நாங்க பேரையூருண்ணே” என்றாள்.

முத்திருளனுக்குப் பகீரென்றது. ஒத்தப்புளி முனியாண்டி பேரையூருக்கு மேற்கே ரெண்டு மைல்.

அவர்களுக்குப் பின்னாலேயே மொபெட்டில் வந்து இறங்கினார் நைனா முகமது. முனிச்சாலையில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். பாண்டியம்மாள் வீட்டுக் கிணற்று ஆயில் என்ஜினைப் பத்து வருஷமாக அவர்தான் பார்க்கிறார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரை அழைத்துக்கொண்டு போனால் விற்கிறவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது என்று பேர். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு ஸ்குரூ டிரைவர். அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

பையன் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. காரைச் சுற்றி மூன்று தரம் வந்தான். கதவின் விளிம்பில் ஒரு விரலை வைத்து முன்னாலிருந்து பின்னால்வரை இழுத்துக்கொண்டே போனான். அப்புறம் உள்ளே ஏறி, ரெண்டு கையையும் நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே தூரத்தில் எதையோ பார்த்தான். கார் வந்த முதல் நாள் காளையும் இதே மாதிரிதான் விரலால் இழுத்தான், இதே மாதிரிதான் உட்கார்ந்தான். முத்திருளன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மிதிச்சா எம்புட்டுண்ணே போகும்?” என்றான் கருத்தக்கண்ணன்.

“நூறு தாண்டும்” என்றான் முத்திருளன்.

நைனா முகமது முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “சூடு இல்ல. நல்லது. பாதிப் பேரு நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருவாங்க. காலையில முரண்டு பிடிக்கிற என்ஜின்கூடச் சூட்டுல சமத்தாக் கெளம்பிரும்” என்றார். வழக்கம்போலக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். அது வழுக்கிக் கையிலேயே விழுந்தது. தகரத்துக்கு மேல் பட்டி பூசியிருந்தால் காட்டிக்கொடுக்கிற காந்தம், தகரமே இல்லாத வண்டியில் என்ன செய்யும். அவரே சிரித்துக்கொண்டு அதைப் பைக்குள் போட்டார். முத்திருளனுக்கு ஒரு மூச்சு வந்தது.

அது ஒரு மூச்சோடு சரி. அதற்குப் பிறகு மனுஷன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெள்ளை நுரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீரும் ஆயிலும் கலந்தால் அப்படி இருக்குமாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். என்ஜினைக் கிளப்பச் சொல்லி, புகைக்குழாய்க்கு முன்னால் கைக்குட்டையைப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். என்ஜின் நல்ல என்ஜின்தான். அதில் முத்திருளன் எதையும் மறைக்கவில்லை.

பிறகு காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். “எடது சக்கரத்துக்கு மேல ஒரு நூல் அளவுக்குச் சந்து கம்மியா இருக்கே.”

“அது மொதல்லருந்தே அப்படித்தான் பாய்.”

“முன்னாடி ரெண்டு டயரும் புதுசு. பின்னாடி ரெண்டும் பாதி தேஞ்சது. விக்கப் போற வண்டிக்கு எதுக்குண்ணே புது டயரு?”

“வாங்குறவுக நல்லா இருக்கட்டும்னுதான்.”

“அடியில தார் அடிச்சிருக்கீக.”

“மழக்காலம் வருதுல்ல.”

ஒவ்வொரு பதிலும் கேள்வி முடிவதற்குள் வந்து விழுந்தது. ராத்திரியெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்து வைத்த பதில்கள். பாண்டியம்மாள் காரைப் பார்க்கவே இல்லை. பதில் சொல்கிறவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத்தன நாளு யாருண்ணே ஓட்டுனது?” என்று கேட்டாள்.

“என் தம்பி.”

“இப்ப எங்க இருக்காரு?”

“வெளியூர்ல வேல.”

காப்பி கொண்டுவந்த செல்லக்கிளியின் கையில் தம்ளர் தட்டில் மோதிக் கடகடத்தது. வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

பையனும் மெக்கானிக்கும் காருக்கு அந்தப் பக்கம் போனபோது பாண்டியம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வரும்போதே பாய்கிட்டக் காதோட சொன்னேன், ஏதாச்சும் நொட்ட சொல்லுங்க, இல்லாட்டியும் சொல்லுங்கன்னு. இருந்தாத்தான் சொல்லுவேன்னுட்டாரு மனுசன். அப்பா ஆத்தா போனப்பறம் எனக்கு இவன் ஒருத்தந்தாண்ணே. வேணாம்னா ரெண்டு நாளு சோறு திங்க மாட்டேங்கிறான். ஒங்க தம்பி நல்லபடியா ஓட்டுனாருல்ல?”

முத்திருளன் தலையை ஆட்டினான். ஆட்டிய தலையைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். போகும்போது நானே ஓட்டுகிறேன் என்று முத்திருளன் முந்திக்கொண்டான். ஐம்பது வரைக்கும் கார் சொன்னபடி கேட்கும். அதைத் தாண்டினால் இடது பக்கம் இழுக்கும். அவன் ஸ்டியரிங்கை வலது பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹார்விபட்டி தாண்டி, தோப்பூர் தாண்டி, கப்பலூர் வரைக்கும் நாற்பத்தைந்திலேயே போனான். பக்கத்தில் இருந்த நைனா முகமது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். வண்டி வாங்குகிறவன் ஓட்டும்போது பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டால்தான் அது உண்மையைப் பேசும் என்பது அவருடைய கணக்கு. அதனால் கப்பலூரில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“வாங்குறவரு ஓட்டட்டும். நானும் ஆத்தாவும் பின்னாடி இருக்கோம்.”

“வெயில் ஏறிருச்சு பாய். நானே ஓட்டிட்டு...”

“ஓட்டட்டும்ணே.”

முத்திருளன் இறங்கிச் சுற்றி வந்து பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பையன் வண்டியை வந்த வழியே திருப்பினான். கருத்தக்கண்ணன் கியரை மாற்றுகிற அழகைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து ஓட்டுகிறவன் மாதிரி இருந்தது. நாற்பது. ஐம்பது. ரெண்டு பக்கமும் புளியமரங்கள் ஓடத் தொடங்கின. “மெதுவா தம்பி” என்றான் முத்திருளன். பையன் காதில் விழவில்லை. காற்று அவன் தலைமுடியைக் கலைத்தது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அறுபது. எழுபது.

அப்போதுதான் அந்த மரம் தெரிந்தது. சாலை லேசாகத் திரும்புகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்குப் பட்டை உரிந்து, சுண்ணாம்புப் பட்டை அடித்த இடத்தில் சதை தெரிய நின்றது. முத்திருளன் மூன்று மாதமாக அந்தப் பக்கம் திரும்பாமல் போய் வந்துகொண்டிருந்த மரம். கார் மெல்ல மெல்ல இடது பக்கம் சாயத் தொடங்கியது. பையன் அதை உணர்ந்த மாதிரியே தெரியவில்லை. முன் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டிச் செம்மண்ணில் இறங்கிப் படபடத்தது.

முத்திருளன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் ஒடித்தான். “பிரேக்க மிதிடா, காளை” என்று கத்தினான்.

கார் ஒரு வெட்டு வெட்டி, புளியமரத்தைத் தாண்டி இருபது அடியில் புழுதி கிளப்பி நின்றது. பாண்டியம்மாள் முன்சீட்டின் முதுகை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ரோட்டோரம் பள்ளம்ணே, அதான்” என்றான் கருத்தக்கண்ணன். “ஆமா, காளைன்னா யாரு?”

நைனா முகமது எல்லாரையும் இறங்கச் சொன்னார். தானும் இறங்கி, சாலையில் கார் வந்த தடத்தைப் பார்த்தார். பட்டை உரிந்த மரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

“பெயிண்டு அடிப்பாங்க. மீட்டரத் திருப்பி வைப்பாங்க. டயரு மாத்துவாங்க. என் சர்வீசுல எல்லாம் பாத்துட்டேன். ஆனா அடிபட்ட வண்டியில கட்டுன சாமி கயித்தையோ தர்காத் தாயத்தையோ அறுத்துட்டு வித்தவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. நம்ம ஜனம் போலீசுக்குப் பயப்படாது, அதுக்குப் பயப்படும். எந்த வண்டிக்குப் போனாலும் அதைத்தான் தேடுவேன். இந்த வண்டியில ஒரு சாமி படம்கூட இல்ல. சொரண்டுன தடம் மட்டும் இருக்கு. காலையிலருந்து எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு.”

சொல்லிக்கொண்டே குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். அவருடைய கை ஒரு இடத்தில் நின்றது. நெருப்பைத் தொட்ட மாதிரி உடனே வெளியே எடுத்துக்கொண்டார்.

“ஆத்தா, இத நான் தொடக் கூடாது. நீ பாரு.”

பாண்டியம்மாள் சாலையோரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து டார்ச்சை அடித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது, முடிச்சை எண்ணுகிறாள். ஏழு எண்ணி முடித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து நின்றபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“இது எங்க முனியாண்டி கயிறு” என்றாள். “யாருக்குண்ணே கட்டுனது?”

அதற்கும் ஒரு பொய் இருந்தது. முன்னால் வைத்திருந்தவன் கட்டியது, எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கயிற்றைத் தெரியாது என்று சொன்னால், என் தம்பியின் உயிரைத் தெரியாது என்று சொன்ன மாதிரி. முத்திருளனால் முடியவில்லை.

“என் தம்பிக்கு” என்றான். “பேரு காளை. அந்தா, அந்த மரத்துலதான்.”

ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. சட்டம் வெடித்தது, லாரியில் ஏற்றியது, தார் பூசியது, நாளைக்குத் தம்பி வீட்டுக்கு வருவது, வந்தால் ஓட்டிச் செத்துப்போவான் என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டினான். “அவன் கண்ணுல படாம எங்கயாவது போய்த் தொலையட்டும்னு பாத்தேன். யாரு கண்ணுல படும்னு யோசிக்கல. யோசிக்கலன்னு சொல்றதும் பொய்யி. இந்தப் பயலப் பாத்ததுலருந்து அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இருந்தும் விக்கத்தான் நின்னேன்.”

நைனா முகமது காருக்கு அடியில் படுத்து, இடது பக்கம் ஸ்குரூ டிரைவரால் தாரைச் சுரண்டினார். கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். பற்றவைத்த தழும்பின் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு புது விரிசல் ஓடியிருந்தது.

பையன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். சிவப்புக் காரை ஒரு தரம் முழுசாகப் பார்த்தான். “மெதுவா ஓட்டுனாக்கூடத் தாங்காதா பாய்?”

“மெதுவா ஓட்டுறதுக்காடா நீ இத வாங்க வந்த?” என்று முத்திருளன் இரைந்தான். “நீ கேட்டாலும் இனிமே நான் குடுக்க மாட்டேன்.”

திருமங்கலம் போகிற பஸ் தூரத்தில் வந்தது. பாண்டியம்மாள் கையை நீட்டி நிறுத்தினாள். அவள் திட்டுவாள் என்று முத்திருளன் காத்துக்கொண்டிருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“கயித்த அறுத்துருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏன் அறுக்கல?”

“தம்பி இன்னும் நடக்கலம்மா.”

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் குறையவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வழிந்தது. “நடந்ததும் கூட்டியாங்க. கோயிலுக்குப் போற வழியிலதான் எங்க வீடு” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த கருத்தக்கண்ணன் காரையே பார்த்துக்கொண்டு போனான்.

பஸ் போன பிறகு முத்திருளன் மெக்கானிக்கிடம் கேட்டான். “பாய், இதத் துண்டு போட எம்புட்டு நேரம் ஆகும்?”

“ஒடம்ப ஆக்ஸா பிளேடே அறுத்துரும். இரும்புச் சட்டத்தத்தான் கேஸ் வச்சு வெட்டணும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரலாம். நெசமாத்தான் கேக்குறீகளா?”

“நெசமாத்தான்.”

மாட்டுவண்டி வேகத்தில் வீடு திரும்பி, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். என்ஜினை மட்டும் நைனா முகமது எடுத்துப் போனார். சட்டத்தை மூன்று துண்டாக்கிப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றினார்கள். சிவப்பு ஃபைபர் துண்டுகளை முத்திருளன் தன் கையால் அறுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் பல் கூசியது. ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. ஓட்டுகிறவன் சீட்டைக் கயிற்றோடு அப்படியே கழற்றி, காலி ஷெட்டின் நடுவில் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டாக்சியில் காளை வந்தான். பாதியாக இளைத்திருந்தான். கக்கத்தில் கட்டை. செல்லக்கிளி ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க, அவன் வீட்டுக்குள் போகாமல் நேராக ஷெட்டைப் பார்த்து நடந்தான். அவள் கணவனைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனா இல்லையா என்றிருந்தது. முத்திருளன் பின்னாலேயே போனான். அடிக்கப் போகிறானா, அழப் போகிறானா, தெரியவில்லை.

காளை காலி ஷெட்டையும் நடுவில் நின்ற ஒற்றைச் சீட்டையும் பார்த்தான். “வண்டி எங்கண்ணே?”

“துண்டு போட்டாச்சு.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். நேத்து சாயங்காலம்.”

காளை கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்ல அந்தச் சீட்டில் உட்கார்ந்தான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். “இதச் சொல்லத்தாண்ணே வந்தேன். மதினிகிட்ட அதான் சொல்லிவிட்டேன், எவன்கிட்டயும் குடுத்துறாதீங்கன்னு. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல சோழவந்தான்காரன் ஒருத்தன் கிடந்தான். அடிபட்ட வண்டின்னு தெரியாம வாங்கி ஓட்டுனவன். போன வாரம் கட்டில் காலியாயிருச்சு. அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீ பாட்டுக்கு ஒட்டவச்சு எவன் தலையிலயாவது கட்டிருவியோன்னு.”

முத்திருளன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். சிரித்துச் சமாளித்துவிடலாம். வாசலில் நிற்கிற செல்லக்கிளி சொல்ல மாட்டாள். நைனா முகமது சொல்ல மாட்டார். தம்பி கடைசிவரைக்கும் அண்ணனை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். சட்டைப்பையில் கை போனது. நேற்றைய பிளேடு இன்னும் அங்கேயேதான் கிடந்தது.

“விக்கத்தான்டா பாத்தேன்” என்றான்.

காளை நிமிர்ந்து பார்த்தான். “யாருக்கு?”

“பேரையூர்ப் பய ஒருத்தன். ஓட்டிக்கூடப் பாத்தான்.”

“என்ன வயசிருக்கும்?”

முத்திருளன் சீட்டுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டான். தம்பியின் அடிபட்ட தொடைமேல் கையை வைத்தான். எலும்பு கூடிய இடம் துணிக்கு மேலேயே மேடாகத் தட்டுப்பட்டது.

“ஒன் வயசுதான்டா” என்றான்.